செம்பில் ஏறிய களிம்பு

விடியக்காலை ஐந்தரை மணி. தச்சநல்லூரில் மதுரை ரோட்டோரத்து டீக்கடைகளில் அப்போதுதான் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். முன் சீட்டில் உட்காரவைத்து, மடியில் ரிப்போர்ட் பையைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினால் மறுபடியும் ஒரு 'டக்'. ஹெட்லைட் பளிச்சென்று எதிர்ச் சுவரில் அடிக்கிறது, ஹாரன் தெருவையே எழுப்புகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோ பிடித்துத்தான் போனோம்.

அன்று மாலையே ஒரு கடையில் வண்டியைக் காட்டினேன். அங்கே சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "பேட்டரி போயிருச்சு." ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுப் பேட்டரி போட்டேன். கைபட்டதும் வண்டி உறுமிக் கிளம்பியது. பத்தொன்பதாம் நாள், அதே விடியக்காலையில், அதே ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு முன்னால், அதே 'டக்'.

அந்தப் பத்தொன்பது நாள் கணக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. செல்ஃப் எடுக்காத வண்டி என்றால் நாம் நேராகப் பேட்டரியைத்தான் பார்க்கிறோம். பெட்டி பெரிதாக இருக்கிறது, விலை தெரிகிறது, மாற்றுவது சுலபம். பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இடையே கிடக்கிற இரண்டு கேபிள்களையும், அவற்றின் நான்கு முனைகளையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எவ்வளவோ நல்ல பேட்டரிகள் இந்த ஒரு காரணத்தால் ஆயுள் முடியாமலே எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன.

அணையில் தண்ணீர் இருக்கிறது

எங்கள் பகுதியிலேயே நாற்பது வருஷமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம் இரண்டாம் தடவை வண்டியைக் கொண்டுபோனேன். போனட்டைத் திறந்தவர் பேட்டரியின் மேலே ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்போ மாத்துனீங்க?"

"இந்த மாசந்தான் அண்ணாச்சி."

"அணையில தண்ணி கெடக்கு அண்ணாச்சி. வாய்க்கால்ல வரல. அதப் பாக்காம அணையையே மாத்தியிருக்காங்க, பாத்துக்கிடுங்க."

தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் மின்சாரப் பாடம் நடத்த முடியாது. பாபநாசம் அணையில் 143 அடியும் நிறைந்திருக்கலாம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாயில் அமலையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் கடைமடையில் நாற்று கருகத்தான் செய்யும். அணையின் நீர்மட்டத்தை மட்டும் அளந்து பார்த்துவிட்டு 'தண்ணீர் இருக்கிறதே' என்று சொல்கிறவரிடம் கடைமடைக்காரர் என்ன பேசுவார்? பேட்டரி முனையில் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது என்பதும் அணையின் நீர்மட்டம்தான். செல்ஃப் மோட்டார் கடைமடை.

ஹெட்லைட் எரிந்ததே, ஹாரன் அடித்ததே என்ற குழப்பமும் இதில் தீர்ந்துவிடும். ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். அது கொல்லைப்புறத்துச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் மாதிரி. செல்ஃப் மோட்டார் சிறிய பெட்ரோல் காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் கேட்கும். டீசல் வண்டி அதற்கும் மேலே கேட்கும். முதல் கண இழுப்பு இன்னும் அதிகம். இவ்வளவு மின்னோட்டம் போகிற பாதையில் தடை 0.005 ஓம் கூடினால் போதும், 200 ஆம்பியரில் ஒரு முழு வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். காணாமல் போவதென்றால் சூடாக மாறுகிறது. 200 ஆம்பியரும் 1 வோல்ட்டும் சேர்ந்தால் 200 வாட், அதாவது ஒரு டெர்மினலுக்குள் ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டி.

நல்ல கேபிளிலும் கொஞ்சம் இழப்பு இருக்கும். 25 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கேபிள் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் 200 ஆம்பியரில் சுமார் 0.14 வோல்ட் இழக்கும். அதையே பாதிப் பருமனுள்ள கேபிளாகப் போட்டாலும், உள்ளே நெடுகிலும் பாதி இழை பொடிந்திருந்தாலும் இழப்பு இரட்டிப்பாகும். கேபிளில் தடிமனைச் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் கணக்கு.

1912-ல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றுகிற வேலை ஒழிய ஆரம்பித்தது. நம் அம்பாசடரில் ரொம்ப நாள் அந்த ஹேண்டிலும் கூடவே வந்தது. செல்ஃப் எடுக்காவிட்டால் டிரைவர் டிக்கியைத் திறந்து ஹேண்டிலை எடுப்பார், இல்லாவிட்டால் நாலு பேர் தள்ளுவார்கள். இன்றைய ஆட்டோமேட்டிக் காரை அப்படித் தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. கேபிள் ஏமாற்றினால் மனிதன் நடுரோட்டில்தான் நிற்க வேண்டும்.

மயில்துத்தமும் களிம்பும்

நெல்லை செம்போடு ஒட்டிய ஊர். ஆற்றின் பெயரிலேயே தாமிரம். நெல்லையப்பர் கோயிலில் கூத்தன் ஆடும் சபை தாமிர சபை. செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்காத வீடு முந்தின தலைமுறையில் கிடையாது. சைவப் பெரியவர்கள் ஆன்மாவை ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையும் செம்பில் களிம்புதான்: செம்போடு கூடவே இருப்பது, வெளியிலிருந்து வந்து ஒட்டியதுபோலத் தெரியாதது. எலெக்ட்ரீசியன் பட்டறையில் அந்த உவமை எனக்கு நிஜமாகவே விளங்கியது.

பேட்டரித் தலையில் நாம் பார்க்கிற பூ இரண்டு வகை. வெள்ளையாக மாவு பூத்ததுபோல் இருப்பது காரீயமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாவது. நீலமாக இருந்தால் அது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே மயில்துத்தம்; அமில ஆவி செம்பைத் தொட்டதால் வந்தது. இரண்டும் கண்ணுக்குத் தெரியும், அதனால் இரண்டுக்கும் பரிகாரம் எளிது. பயப்பட வேண்டியது மூன்றாவதுக்கு. கேபிளின் ரப்பர் உறைக்குள், முனையில் லக் என்கிற உலோக வளையம் அடித்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே ஏறுகிற பச்சைக் களிம்பு. ஒரு கேபிளில் நூற்றுக்கணக்கான நுண்ணிய செம்பு இழைகள் இருக்கின்றன. இழைகளுக்கிடையே உள்ள இடுக்கு விளக்குத் திரிபோல ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். மேலே உறை கறுப்பாகப் புதிதுபோல் இருக்கும். உள்ளே செம்பு பொடியாகிக்கொண்டிருக்கும்.

என் வண்டிக்கு அந்த ஈரம் எப்போது போனது என்பதை யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு சிக்கி நின்றது. திருநெல்வேலியில் ஜங்ஷன் பஸ் நிலையம் குளமானது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைத் தண்ணீர் சூழ்ந்தது. வண்ணாரப்பேட்டையில் உறவினர் வீட்டு வாசலில் நின்றிருந்த என் வண்டியில் சக்கரம் மூழ்கித் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சீட்டைக் கழற்றிக் காயப்போட்டேன், ஆயில் மாற்றினேன், தரைவிரிப்பைத் தூக்கிப் போட்டேன். கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கிற எர்த் கேபிள் வண்டல் நீரைக் குடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. எஞ்சின் பிழைத்துவிட்டது என்பதற்காகக் கேபிளும் பிழைத்தது என்று ஆகாது.

வெள்ளம் மட்டும் காரணமில்லை. அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் எஞ்சின் சூட்டைத் தேடி போனட்டுக்குள் வந்துவிடும். அவை கடித்த உறை வழியாகவும் ஈரம் இறங்கும். கூடங்குளம், உவரிப் பக்கத்துக் கடற்கரைக் காற்றின் உப்பும் களிம்புக்குத் துணைபோகும். டெர்மினல் லூசாகிவிட்டதென்று பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் இடையில் ஆணியையோ தகரத் துண்டையோ சொருகி அடிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்குக் காண்டாக்ட் கிடைக்கும். ஆனால் தொடும் பரப்பு விரல்நகம் அளவுக்குச் சுருங்கி, அந்த ஒரு புள்ளியில் சூடேறி, மென்மையான காரீய முனையே உருகி வடிவிழக்கும். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள்.

காது, கை, கண், பிறகு மீட்டர்

பெரியவர் மீட்டரை உடனே எடுக்கவில்லை. முதலில் என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிக் காதால் கேட்டார். 'டக்கு டக்கு டக்கு' என்று படபடவென வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சரக்கில்லை, அல்லது டெர்மினலே பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்' வந்து நின்றால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சோலனாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குப் போக வேண்டிய பெரிய மின்னோட்டம் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். செல்ஃப் மோட்டாரே பழுதாகவும் இருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது ஹெட்லைட். லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் லைட் அடியோடு அணைந்து, சாவியை விட்டதும் திரும்பவும் பளிச்சென்று வருகிறதா? டெர்மினலைப் பாருங்கள். மெல்ல மங்கி, செல்ஃப் முனகுகிறதா? பேட்டரி சார்ஜ் குறைவு. என் வண்டியில் லைட் அசையாமல் எரிந்தது. பெரியவர் தலையாட்டினார். பேட்டரி மைனஸிலிருந்து இரண்டு கிளை போகிறது, ஒன்று பாடிக்கு, ஒன்று கியர்பாக்ஸுக்கு. லைட்டுக்கெல்லாம் பாடி எர்த். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சினிலிருந்து மின்சாரம் திரும்பிவர அந்தக் கியர்பாக்ஸ் கேபிள்தான் பெரிய வழி.

அந்த வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, சந்து தேடும். அம்பாசடர் காலத்துக் கதை ஒன்றை அப்போது அவர் சொன்னார். எஞ்சின் எர்த் போன வண்டியில் செல்ஃப் அடித்தால், எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக அத்தனை ஆம்பியரும் பாயும். கேபிள் பழுத்துப் புகையும், உள்ளே ஒட்டிக்கொள்ளும். "ஆக்சிலரேட்டர் ஒயர் டைட்டா இருக்குன்னு வருவாவ. நான் எர்த்த மாத்தி அனுப்புவேன். நம்ப மாட்டாவ." இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பில்லை, பழைய வண்டிகளில் உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த விஷயம். ஆனால் நோய் ஓர் இடத்திலும் வலி இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கேட்டதில்லை.

பிறகு கை. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தபின் டெர்மினலையும் கேபிளையும் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடம் சுடுகிறதோ அந்த இடத்தில் தடை. கேபிளை வளைத்தால் 'நறநற'வென்று மண் நெரிவதுபோல் உணர்ந்தால் உள்ளே இழைகள் பொடிந்துவிட்டன. உறை ஓரிடத்தில் உப்பியிருந்தாலும் அதே பொருள்தான்.

இதற்கப்புறம்தான் மல்டிமீட்டர் வந்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்திருந்தேன். பேட்டரி மாற்றிய கடையில் கேபிளையும் 'டெஸ்ட்' பண்ணினார்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டார்கள், 'பீப்' என்றது, கேபிள் நல்லது என்றார்கள். முன்னூறு இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்றுதான் சொல்லும். 0.3 மில்லிமீட்டர் செம்பு இழை ஒரு மீட்டருக்குக் கால் ஓம் தடைகூடத் தராது. சாதாரண மீட்டரின் சொந்த ஒயருக்கே ஏறக்குறைய அவ்வளவு தடை இருக்கும். ஒற்றை இழையில் 200 ஆம்பியர் போகுமா என்று அந்த மீட்டர் கேட்கவே இல்லை. வாய்க்காலில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும், கண்மாய் நிறையத் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பதும் வேறு வேறு சோதனை.

சரியான சோதனை, ஓட்டம் இருக்கும்போதே இழப்பை அளப்பது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் கிளம்பிவிடாமலிருக்க பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் காரீய முனை மேலேயே வைக்க வேண்டும். கிளாம்பு மேல் வைத்தால் கிளாம்புக்கும் முனைக்கும் நடுவிலுள்ள களிம்பு கணக்கில் வராமல் தப்பித்துவிடும். மறுமுனை பிளஸ் பக்கத்துக்குச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட், மைனஸ் பக்கத்துக்கு எஞ்சினின் பெயின்ட் இல்லாத வெற்று உலோகம். ஒருவர் ஐந்து விநாடி செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேபிளிலும் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தொட்டால் வியாதி. முழு கேபிளில் இழப்பு தெரிந்தபின் கிளாம்பு, லக், போல்ட் என்று ஒவ்வோர் இணைப்பாக மீட்டர் முனையை நகர்த்திக்கொண்டே போனால் கள்ளன் நிற்கிற இடம் பிடிபடும்.

என் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 11.8 வோல்ட் நின்றது. பேட்டரி சிங்கம்போல் இருக்கிறது என்று பொருள், 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். பிளஸ் பக்கம் 0.3. மைனஸ் முனையிலிருந்து எஞ்சினுக்கு வைத்தபோது மீட்டர் காட்டியது 4.7. மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 7 வோல்ட்கூட இல்லை.

மீட்டர் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது, பெரியவர் அதையும் செய்து காட்டினார். ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு கவ்வியைப் பேட்டரி மைனஸிலும் பிறகு மறு கவ்வியை எஞ்சின் உலோகத்திலும் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். ஒரு சுற்றில் எஞ்சின் பிடித்தது. நடுராத்திரியில் குடும்பத்தோடு வழியில் நின்றுவிட்டால் இந்த ஒரு வித்தை வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

புதிய வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் வண்டிகளில் கம்ப்யூட்டர் யூனிட்கள் பெருகிவிட்டன. கேபிள் கோளாறு அவற்றில் வேறு முகம் காட்டும். டாஷ்போர்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்குகள், ஸ்டீயரிங் திடீரென்று கனப்பது, காரணமில்லாமல் கடிகாரம் மாறுவது. சில வண்டிகளில் மைனஸ் கிளாம்போடு சென்சார் ஒன்று சேர்ந்தே இருக்கும், அங்கே சுத்தியலோடு போகக் கூடாது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி 'டைனமோ சார்ஜ் பண்ணுதா' என்று பார்க்கிற பழைய சோதனையை விட்டுவிடுங்கள். அந்தக் கணத்தில் வோல்டேஜ் எகிறி யூனிட்டுகளைச் சுட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. அவ்வளவு போதும்.

ஈயம் பூசிய லக்

சுத்தம் செய்வது வீட்டிலேயே முடியும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியைத் தொட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கையைச் சுட்டுவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பொறியே ஆபத்து. மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பூவெல்லாம் கரையும். துடைத்து, உப்புத்தாளால் முனையும் கிளாம்பின் உட்புறமும் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவ வேண்டும். உறைக்குள் போன களிம்புக்கு இந்த மருந்து ஏறாது. கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

பெரியவர் எனக்குப் போட்ட கேபிளின் லக் வெள்ளையாக மின்னியது. வெள்ளீயப் பூச்சு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசச் சொல்லித் தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். உலோகம் புளியோடு சேரக் கூடாதென்று அங்கே பூசினார்கள், அமிலத்தோடும் ஈரத்தோடும் சேரக் கூடாதென்று இங்கே பூசுகிறார்கள். லக்கைச் சுத்தியலால் தட்டாமல் அதற்கென்றுள்ள கிரிம்பிங் கருவியில் வைத்து நசுக்கினார். பசை பூசிய சுருங்கு குழாயை மேலே ஏற்றிச் சூடு காட்டி வாயை அடைத்தார். கியர்பாக்ஸில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தைத் தேய்த்து வெற்று உலோகமாக்கினார். சில நூறு ரூபாய்தான் கேட்டார்.

மறுபடி அளந்தபோது மீட்டர் 0.1 காட்டியது.

பழைய கேபிளை நான் கேட்டு வாங்கிவந்தேன். வீட்டில் பிளேடால் உறையை நீளவாக்கில் கீறித் திறந்து அம்மாவிடம் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் இறங்கிய அந்தக் காலையை அவள் மறந்திருக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"செம்புல்லா இது. களிம்பேறிக் கெடக்கு."

அடுப்படிக்குப் போய் எலுமிச்சை அளவு புளியும் ஒரு சிட்டிகை உப்பும் எடுத்துவந்தாள். குடம் விளக்குகிற அதே விரல்களால் கேபிளை அழுத்தித் தேய்த்தாள். மேலே இருந்த இரண்டு மூன்று இழைகள் சிவந்து, பழைய குடம்போல ஒரு கணம் ஒளிர்ந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் உள்ளே இருந்ததெல்லாம் பச்சைப் பொடியாக அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது.